ஸாஹிராவைத் தொடங்கியது யார், அது இன்று யாருடையது?

கேள்வி இதுதான்: கொழும்பு மருதானையில் உள்ள ஸாஹிரா கல்லூரியை ஒராபி பாஷா தொடங்கினார் என்று சிலர் சொல்கிறார்கள், சித்திலெப்பை என்று வேறு சிலர், வாப்பிச்சி மரிக்கார் என்று இன்னும் சிலர். இதில் எது சரி? அது அரசாங்கப் பாடசாலையா, தனியார் பாடசாலையா?

மூன்று பேருக்கும் பங்கு உண்டு, ஆனால் ஒரே அளவில் இல்லை. யோசனை சித்திலெப்பையுடையது. அதைச் செங்கல்லும் சுண்ணாம்புமாக நிறுத்திக் காட்டியவர் வாப்பிச்சி மரிக்கார். ஒராபி பாஷா பக்கத்தில் நின்று பெயர்பலம் கொடுத்தார். என் கருத்தைக் கேட்டால், இவர்களுக்கெல்லாம் பிறகு 1921இல் வந்த டி.பி. ஜாயா இல்லையென்றால் இன்று நாம் இந்தப் பள்ளியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். இரண்டாவது கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாது. கதையின் கடைசிப் பகுதியில் அதற்கு வருகிறேன்.

முதலில் காலத்தைப் பார்ப்போம். கொழும்பில் ஆங்கிலக் கல்வி 1830களிலேயே வேரூன்றிவிட்டது. ஜோசப் மார்ஷ் பாதிரியார் 1835இல் புறக்கோட்டைப் பக்கம் தொடங்கிய சிறு பள்ளியை அடுத்த வருடமே அரசாங்கம் பொறுப்பெடுத்தது. அதுதான் பின்னாளில் றோயல் கல்லூரி. 1851இல் முகத்துவாரத்தில் சென் தோமஸ் வந்தது, 1874இல் வெஸ்லி வந்தது. அரசாங்கத்தின் அந்த ஒன்றை விட்டால் பெயர் சொல்லக்கூடிய பள்ளிகள் எல்லாம் மிஷன் கையில்தான் இருந்தன. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்த பிறகு, பரீட்சையில் எத்தனை பிள்ளைகள் தேறுகிறார்கள் என்று பார்த்துப் பள்ளிகளுக்கு உதவிப் பணம் கொடுக்கும் முறை வந்தது. ஏற்கெனவே ஆசிரியரும் கட்டடமும் உள்ள மிஷன் பள்ளிகளுக்கு அது நல்ல வாய்ப்பு. ஒன்றும் இல்லாதவர்களுக்கு அதனால் எந்தப் பிரயோசனமும் இல்லை.

முஸ்லிம் பெற்றோர் பிள்ளைகளை அங்கே அனுப்பத் தயங்கினார்கள். பிள்ளை மதம் மாறிவிடுவான் என்ற பயம் நிஜமானது, அதைப் பிற்போக்கு என்று தள்ளிவிடுவது நியாயம் இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளைகள் எழுத்தறிவில்லாதவர்கள் என்று பல கட்டுரைகளில் எழுதுகிறார்கள், அது தவறு. பள்ளிக்கூடத்துக்குப் போகாத பிள்ளையும் குர்ஆன் மத்ரஸாவில் அரபு எழுத்துப் படித்தான். அதே எழுத்தில், தமிழ் ஓசைகளுக்குத் தேவையான இடத்தில் மேலும் கீழும் புள்ளி சேர்த்து, தமிழை எழுதவும் கற்றுக்கொண்டான். கடிதம், கடைக் கணக்கு, பாட்டு, மார்க்க நூல் எல்லாம் அந்த அரபுத்தமிழில் ஓடின. அப்படி நான்கு பக்கம் சரளமாக எழுதுகிற ஒரு புறக்கோட்டை வியாபாரி, சுங்கத்தில் இருந்து வந்த ஒரு துண்டுக் கடதாசியை வாசிக்க முடியாமல் யாரையாவது தேடிப் போக வேண்டியிருந்தது. நீதிமன்றம், துறைமுகம், கச்சேரி என்ற மாவட்ட அரசாங்க அலுவலகம், வங்கி எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தன. சிக்கல் அங்கேதான் இருந்தது.

இதைத் தெளிவாகக் கண்டவர் கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணி முகம்மது காசிம் சித்திலெப்பை. 1838இல் பிறந்தவர். 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். தமிழின் ஆரம்ப நாவல்களுள் ஒன்றை 1885இல் எழுதியவரும் அவர்தான். தமிழ் இலக்கிய வரலாறு படிக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது சொல்லித்தரப்படுகிறது என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கண்டியில் தன் சகோதரியின் துணையோடு பெண்பிள்ளைகளுக்கும் படிப்புக்கு வழிசெய்தார். ஆண்களின் ஆங்கிலக் கல்விக்கே எதிர்ப்பு இருந்த காலத்தில் இதைச் செய்தார் என்பதை மறக்கக் கூடாது. பத்திரிகையில் அவர் திரும்பத் திரும்ப எழுதியது ஒன்றுதான்: மார்க்கமும் ஆங்கிலமும் ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும், அதற்கு நமக்கென்று ஒரு பள்ளி வேண்டும்.

சரி, இதில் ஒராபி பாஷா எங்கே வருகிறார்? 1882 செப்டம்பரில் எகிப்தின் தெல் அல் கபீர் போரில் பிரித்தானியப் படையிடம் தோற்ற அஹ்மத் ஒராபியையும் அவருடைய தோழர்களையும், மொத்தம் ஏழு பேரை, ஆங்கிலேயர் இலங்கைக்கு நாடுகடத்தினார்கள். 1883 ஜனவரியில் அவர்கள் கொழும்பில் வந்து இறங்கினார்கள். துறைமுகத்தில் கூட்டம் அலைமோதியது. வெள்ளையருக்கு எதிராகப் போரிட்ட ஒரு முஸ்லிம் தளபதி நம் ஊருக்கு வருகிறார் என்றால் சும்மாவா? அவர்கள் அணிந்திருந்த சிவப்புத் துருக்கித் தொப்பியை இங்குள்ள சோனகர்களும், அதாவது தமிழ் பேசும் இலங்கை முஸ்லிம்களும், அணியத் தொடங்கினார்கள். மாப்பிள்ளைக்குத் துருக்கித் தொப்பி வைக்கும் வழக்கம் நம் பாட்டன்மார் காலம் வரை இருந்தது.

பாஷாவின் வருகை சித்திலெப்பைக்குத் தைரியம் கொடுத்தது. 1884இல் புதிய சோனகத் தெருவில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அது நிலைக்கவில்லை, போதிய ஆதரவு இல்லாமல் மூடப்பட்டது. ஸாஹிராவின் வரலாறு எழுதுகிறவர்கள் இந்தத் தோல்வியை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. ஆள் இருந்தார், பத்திரிகை இருந்தது, பாஷாவின் ஆசீர்வாதம் இருந்தது. இத்தனை இருந்தும் பள்ளி நிற்கவில்லை. நிலமும் மாதாமாதம் சம்பளம் கொடுக்கப் பணமும் இல்லாமல் பேச்சும் எழுத்தும் மட்டும் ஒரு பள்ளியைத் தாங்காது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

1891இல் சித்திலெப்பை மறுபடி வந்து மருதானைப் பள்ளிவாசலில் பேசினார். இந்த முறை பேச்சைக் கேட்டவர்களில் ஒருவர் வாப்பிச்சி மரிக்கார். கட்டட ஒப்பந்தக்காரர். அந்தக் காலக் கொழும்பின் முகத்தை அமைத்த கைகளில் ஒன்று அவருடையது. கறுவாத்தோட்டத்தில் வெள்ளை மாளிகை போல நிற்கிறதே, தேசிய நூதனசாலை, 1877இல் திறந்தது, அதைக் கட்டியவர் அவர்தான். கட்டி முடித்தபோது என்ன பரிசு வேண்டும் என்று ஆளுநர் கிரெகரி கேட்டாராம். பணமும் பட்டமும் கேட்காமல், வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைக்க வேண்டும் என்று கேட்டார் என்று சொல்வார்கள். நெடுங்காலம் அது வெள்ளிக்கிழமைகளில் மூடித்தான் இருந்தது.

அப்படிப்பட்ட மனிதர் பள்ளி வேலையைக் கையில் எடுத்ததும் காரியம் நகர்ந்தது. மருதானைப் பள்ளிவாசல் வளவிலேயே இடம் கிடைத்தது. 1892 ஆகஸ்ட் 22ஆம் திகதி அல் மத்ரஸதுஸ் ஸாஹிரா திறக்கப்பட்டது. ஒராபி பாஷா அதன் போஷகராக இருந்தார். ஆகவே பாஷாவைத் தாபகர் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. அவருடைய மதிப்பு பெரியது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தாபகர் என்ற பட்டம் எழுதிய கைக்கும் கட்டிய கைக்கும் போக வேண்டும். இருவரில் வாப்பிச்சி மரிக்காரின் பெயரைத்தான் நாம் மிகக் குறைவாகச் சொல்கிறோம். கல்வி விஷயத்தில் அந்தக் குடும்பத்தின் அக்கறை அவரோடு முடியவுமில்லை. பிற்காலத்தில் பம்பலப்பிட்டியில் முஸ்லிம் மகளிர் கல்லூரி உருவாகக் காரணமாயிருந்த சேர் ராசிக் பரீத் அவருடைய பேரன்.

அக்கம்பக்கத்தையும் கவனியுங்கள். பௌத்தர்களுக்கான ஆனந்தா கல்லூரி 1886இல் புறக்கோட்டையில் தொடங்கி, சில வருடங்களில் இதே மருதானைக்கு வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணத்தில் சைவர்கள் இந்துக் கல்லூரியை அமைத்ததும் அதே காலம்தான். மிஷன் பள்ளியின் தரத்தில், ஆனால் தங்கள் சமயத்தைக் கைவிடாமல், பிள்ளைகளைப் படிக்கவைக்க வேண்டும் என்ற ஒரே எண்ணம் மூன்று சமூகங்களிலும் ஏறக்குறைய ஒரே பத்தாண்டில் எழுந்திருக்கிறது. ஸாஹிராவைத் தனியாக எடுத்து வாசித்தால் இது பிடிபடாது.

அடுத்த முப்பது வருடங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சித்திலெப்பை 1898இல் காலமானார். ஒராபி பாஷா 1901இல் எகிப்து திரும்பினார். பள்ளி சிறியதாகவே இழுபட்டது. ஆனால் அந்த வளவு சமூகத்தின் மையமாகிவிட்டது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 1905இல் அப்துல் காதர் என்ற முஸ்லிம் வழக்கறிஞர் துருக்கித் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் வாதாட எழுந்தார். பிரதம நீதியரசர் லேயார்ட் அதற்கு அனுமதி மறுத்தார். அந்த ஆண்டின் கடைசி நாளில் அதை எதிர்த்து நாடெங்குமிருந்து முஸ்லிம்கள் திரண்ட இடம் இதே மருதானைப் பள்ளிவாசல் மைதானம்.

அப்புறம் 1921. துவான் புர்ஹானுதீன் ஜாயா அதிபராகிறார். இதில் ஒரு விசேஷம் இருக்கிறது. அவர் மலாய்க்காரர், கலகெதரையில் பிறந்தவர், சென் தோமஸில் படித்தவர், அதற்கு முன் ஆனந்தா கல்லூரியில் ஆசிரியர். அதாவது கிறிஸ்தவப் பள்ளியில் கற்று, பௌத்தப் பள்ளியில் கற்பித்த ஒரு மலாய்க்காரரிடம் சோனகர்கள் தங்கள் பள்ளியை ஒப்படைத்தார்கள். அதைவிட நல்ல முடிவை அந்தப் பள்ளியின் வரலாற்றில் யாரும் எடுத்ததில்லை என்பேன்.

ஜாயா 27 வருடங்கள் அதிபராக இருந்தார். வகுப்பறைகள், மாணவர் விடுதி, விளையாட்டு, மாணவர் படையணி என்று ஒரு முழுக் கல்லூரிக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அவர் காலத்தில் வளர்ந்தன. மாணிக்க வியாபாரி என்.டி.எச். அப்துல் கபூர் போன்ற செல்வந்தர்களின் பணம் பள்ளிக்குள் வந்தது. கபூர் மண்டபம் அவர் பெயரில்தான் இருக்கிறது. 1927இல் இலங்கை வந்த மகாத்மா காந்தி ஸாஹிராவுக்கும் வந்து மாணவர்களிடம் பேசினார். கொழும்பில் இடம் கிடைக்காத பிள்ளைகளுக்காக கம்பளை, மாத்தளை, அளுத்கம, புத்தளம், கொம்பனித்தெரு ஆகிய இடங்களில் கிளைகளைத் தொடங்கியதும் ஜாயாதான். வெளியூர்ப் பிள்ளை கொழும்புக்கு வரட்டும் என்று காத்திருக்காமல் பள்ளியை அவன் ஊருக்கே அனுப்பிய அந்த யோசனைதான் அவருடைய மிகப் பெரிய சாதனை என்று நான் நினைக்கிறேன்.

அதிபர் நாற்காலியில் இருந்துகொண்டே அரசியலும் செய்தார். 1924இல் சட்டசபைக்குத் தெரிவானார், பின்னர் அரசாங்க சபையிலும் இருந்தார். 1945 நவம்பரில் டொமினியன் அந்தஸ்து, அதாவது பிரித்தானிய முடியின் கீழ் சுயாட்சி, பற்றிய விவாதத்தில், முஸ்லிம்கள் தங்களுக்கென்று நிபந்தனை போட்டுச் சுதந்திரத்தைத் தாமதிக்க மாட்டார்கள் என்ற நிலைப்பாட்டை எடுத்துப் பேசினார். சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் தொழில், சமூக சேவை அமைச்சர். பிறகு பாகிஸ்தானில் உயர்ஸ்தானிகர். 1960இல் மதீனாவில் காலமானார்.

1948இல் அவருக்குப் பின் வந்தவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். இந்தப் பகுதியைத் தமிழ் வாசகர்கள் கொஞ்சம் நின்று வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை. அஸீஸ் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்தவர். வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ் இந்துக் கல்லூரியிலும் படித்தவர். இலங்கை சிவில் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிம். அந்த நாளில் சிவில் சேவை என்றால் ஒரு உள்ளூர்க்காரன் எட்டக்கூடிய உச்சி. யுத்த காலத்தில், 1942இல், கல்முனைக்கு மாற்றலாகிப் போனபோது கிழக்கு மாகாண முஸ்லிம் விவசாயிகளின் நிலையை நேரில் பார்த்தார். காரைதீவு சுவாமி விபுலானந்தரோடு நட்பு ஏற்பட்டது. கெட்டிக்காரப் பிள்ளைகள் பணமில்லாமல் படிப்பை விடுவதைப் பார்த்துத்தான் 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை உருவாக்க முன்னின்றார். பிறகு சிவில் சேவையையே விட்டுவிட்டு ஒரு பள்ளி அதிபராக வந்து உட்கார்ந்தார். சம்பளத்தையும் பதவி உயர்வையும் கணக்குப் பார்க்கிற யாரும் செய்யாத வேலை அது.

அவருடைய 13 வருடங்களில் ஸாஹிரா பல்கலைக்கழகத்துக்கு மாணவர்களை அனுப்பும் பள்ளியாக நிமிர்ந்தது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்று மொழியிலும் வகுப்புகள் நடந்தன. முக்கியமாக, அது முஸ்லிம்களுக்கு மட்டுமான இடமாக இருக்கவில்லை. கரவெட்டியில் பிறந்த கார்த்திகேசு சிவத்தம்பி ஸாஹிராவில் படித்தார், பிறகு அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். தமிழ் ஆய்வுலகில் அவர் எந்த இடத்தில் இருக்கிறார் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. யாழ் இந்துவில் படித்த முஸ்லிம் அதிபர், அவரிடம் கற்க வந்த வடமராட்சித் தமிழ் மாணவன். 1950களின் கொழும்பில் இது இயல்பாக நடந்தது. 1956க்குப் பிறகு மொழிப் பிரச்சினை நாட்டைப் பிளந்துகொண்டிருந்த காலத்திலும் அந்த வளவுக்குள் இது நடந்தது. நம் இரண்டு சமூகங்களும் பிற்காலத்தில் பட்ட காயங்களை நினைக்கும்போது, இந்த ஒரு பக்கத்தையாவது பாடப்புத்தகத்தில் சேர்க்க வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன். அஸீஸைத் தமிழ் இலக்கியக் கூட்டங்களில் நினைவுகூர்வது குறைந்துகொண்டே வருகிறது. அது நமக்குத்தான் நட்டம்.

இப்போது இரண்டாவது கேள்வி. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் வந்தபோதும், சமய அமைப்புகள் நடத்திய பள்ளிகளில் பெரும்பாலானவை உதவி நன்கொடைப் பாடசாலைகளாகவே தொடர்ந்தன. ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்திடமிருந்து வரும், நிர்வாகம் அந்தந்த அமைப்பிடம் இருக்கும். 1960இல் வந்த சட்டம் அந்த நிர்வாகத்தைக் கல்விப் பணிப்பாளரிடம் கொடுத்தது. 1961இல் வந்த அடுத்த சட்டம் காணி, கட்டடங்களையும் அரசிடம் சேர்க்க வழிசெய்தது. விரும்பினால் பெரிய பள்ளிகள் தனித்து நிற்கலாம், ஆனால் அரசாங்கப் பணமும் கிடையாது, பிள்ளைகளிடம் கட்டணமும் வாங்கக் கூடாது. சென் தோமஸ் போன்ற சில பள்ளிகள் அந்தக் கஷ்டத்தோடு தனித்து நின்றன. ஆனந்தா அரசிடம் போனது. ஸாஹிராவும் அந்த அலையில் அரசின் கைக்குப் போனது. அஸீஸ் பதவியிலிருந்து விலகியதும் 1961இல்தான்.

பள்ளி கைமாறினாலும் அது நிற்பது பள்ளிவாசல் வளவில். சமூகம் அந்த உரிமையை மறக்கவில்லை. 1982இல் ஸாஹிரா கல்லூரி ஆளுநர் சபைக்கென்றே நாடாளுமன்றம் ஒரு தனிச் சட்டம் நிறைவேற்றியது. அன்றிலிருந்து நிர்வாகம் அந்தச் சபையின் பொறுப்பு. பிள்ளைகள் எழுதுவது மற்றப் பாடசாலைகளில் எழுதும் அதே க.பொ.த. சாதாரண தரம், உயர்தரம். ஆகவே ஸாஹிராவை முழு அரசாங்கப் பாடசாலை என்று சொன்னாலும் பிழை, புதிதாக முளைத்திருக்கும் சர்வதேசப் பாடசாலைகள் போன்ற தனியார் பள்ளி என்று சொன்னாலும் பிழை. பேச்சு வழக்கில் அரை அரசாங்கப் பாடசாலை என்கிறார்களே, அதுதான் உண்மைக்குக் கிட்ட வருகிறது. 1961இல் நடந்ததை அநியாயம் என்று சிலர் இன்றும் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. நாடு முழுக்க ஏழைப் பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிகளின் கதவு திறந்தது அந்தச் சட்டங்களால்தான். அதே நேரம், ஒரு சமூகம் எழுபது வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்த ஒன்றை ஒரே கையெழுத்தில் எடுத்தது வலித்திருக்கும் என்பதையும் மறுக்க மாட்டேன்.

பிள்ளையைச் சேர்ப்பதற்காக இதைக் கேட்கிறீர்கள் என்றால் கடைசியாக ஒரு விஷயம். ஸாஹிரா என்ற பெயரில் நாட்டில் பல பாடசாலைகள் இருக்கின்றன. ஜாயா தொடங்கிய கம்பளை, மாத்தளை, புத்தளம் ஸாஹிராக்கள் இன்று அரசாங்கத்தின் தேசிய பாடசாலைகள். கல்முனை ஸாஹிராவும் அப்படித்தான். அங்கே அனுமதி கல்வி அமைச்சின் சுற்றறிக்கைப்படி நடக்கும். மருதானை ஸாஹிராவுக்கு ஆளுநர் சபையின் விதிகள் வேறு, ஆகவே விண்ணப்பத்தைக் கல்லூரி அலுவலகத்திலேயே நேரில் போய் விசாரித்துக்கொள்ளுங்கள்.